எட்டு மணி நிலவு

வானியல் படிக்கவேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டவள் இல்லை. விஞ்ஞான ஆசிரியர்கள் எல்லோரும் இணையவழிப் பயிற்சி ஒன்றை முடிக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான் ஒருத்திதான். அதிபர் கடிதத்தை என் மேசையில் வைத்து, "ரீச்சர், உங்களை விட்டா வேறை ஆர் இருக்கினம்" என்றார். பன்னிரண்டு வாரப் படிப்பு. முடித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அது இல்லாமல் அடுத்த தரத்துக்கு ஏற முடியாது. இப்படித்தான் முப்பத்தொன்பது வயதில் நான் நட்சத்திரம் பார்க்கத் தொடங்கினேன். அதுவும் காலை பத்து மணிக்கு, பாடசாலைக் கணினி அறையில், வெயில் திரையில் விழாமல் யன்னலைச் சாத்திவிட்டு.

ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் செய்த பாடம் அது. யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அவருக்குத் தமிழோடு என்ன கோபமோ தெரியாது, ஒரு வசனத்தை மூன்று தரம் படித்தால்தான் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிபடும். நல்ல காலம், படங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. பூமியை விரலால் சுற்றலாம். சந்திரனைப் பிடித்து இழுத்து விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். நிறுத்தியதும் பூமியில் நிற்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பக்கத்துப் பெட்டியில் காட்டும். பிழையான விடையை அழுத்தினால் ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாக, "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று சொல்லும். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்காது. பதினைந்து வருசமாகக் கரும்பலகையில் எட்டு வட்டம் கீறி, பாதிப் பாதியாக வெண்கட்டியைத் தேய்த்து, இது வளர்பிறை, இது தேய்பிறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். அந்த எட்டு வட்டத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஐந்தாம் வாரத்தில் வெளித்தது.

ஐந்தாம் வாரப் பாடம் நிலவு எழும் நேரம் பற்றியது. பறுவத்தன்று, முழுநிலவு நாளில், சூரியன் விழ நிலவு எழும்பும். அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். அதற்கடுத்த நாள் இன்னுமொரு ஐம்பது நிமிடம். திரையில் நாளைத் தள்ளத் தள்ள நிலவு பிந்திப் பிந்தி வந்தது. நான் வடமராட்சிக் கரையில் கடல்தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவள். ஐயாவும் அவருடைய சகோதரர்களும் இதை ஒரு பாடமாகப் படிக்கவில்லை, சும்மா தெரிந்து வைத்திருந்தார்கள். என்னைப் படிக்கிற பிள்ளை என்று சொல்லிக் கடல்தொழில் பக்கம் விடவில்லை. நானும் பரீட்சைக்கு வராத விசயம் எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது அதைக் கொப்பியில் எழுதி, கீழே சிவப்பால் கோடு போட்டேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

ஏழாம் வாரம் வானத்தைக் காட்டும் செயலி வந்தது. இடத்தையும் திகதியையும் நேரத்தையும் கொடுத்தால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் தலைக்கு மேல் இருந்த வானத்தை அப்படியே விரித்துக் காட்டும். நூறு வருசம் பின்னுக்குப் போனாலும் காட்டும். எங்கள் ஊர் அதன் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணம் இருந்தது, அது போதும் என்று எடுத்தேன். வானம் எங்களுடையதுதான், ஆனால் கீழே இருந்த தரை யாரோ ஒருவருடைய புல்வெளி. ஓரத்தில் கூம்புக் கூம்பாகக் குளிர்நாட்டு மரங்கள் நின்றன. அந்த வார ஒப்படை இதுதான்: உங்கள் வாழ்க்கையில் முக்கியமான ஒரு நாளின் வானத்தை எடுத்து, அதைப் பற்றி இருநூறு சொல் எழுதுக.

மற்ற ஆசிரியர்கள் கலியாண நாள், பிள்ளை பிறந்த நாள் என்று குழுவில் படம் படமாகப் போட்டார்கள். எனக்குக் கலியாண நாளும் இல்லை, பிள்ளை பிறந்த நாளும் இல்லை. எனக்கென்று ஒரு நாள்தான் இருந்தது, அது அண்ணை செத்த நாள்.

அதை ஏன் ஒப்படைக்கு எடுத்தாய் என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான். அந்த நாளில் ஒரு நிலவு இருந்தது. இருபது வருசத்துக்கு மேலாக நான் அந்த நிலவைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி, குளித்து, பாடசாலைக்குப் போய் வருகிறேன். அதை ஒருக்கால் கண்ணால் பார்க்கவேண்டும் போல இருந்தது.

எங்கள் கரைக்கு முன்னால், கடலுக்குள், முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, நீளத்துக்குக் கிடக்கிறது. வள்ளம் வந்து போக அதில் ஓரிடத்தில் வழி வெட்டியிருக்கிறார்கள். இரண்டு வள்ளம் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத அகலம். இருட்டில் அந்த வழியைப் பிடிக்க, கரையில் இரண்டு கம்பம் நட்டிருந்தது. முன்னால் கட்டைக் கம்பம், பின்னால் நெட்டைக் கம்பம். இரண்டிலும் அரிக்கன் லாம்பைக் கொழுவிவிட்டால், கடலிலிருந்து வருகிறவர் இரண்டு வெளிச்சமும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரியும்வரை வள்ளத்தைத் திருப்புவார். அப்படித் தெரிந்தால் நேரே உள்ளே வரலாம். விலகித் தெரிந்தால் முன்னால் கல். கம்பங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் பறுவத்தை ஒட்டிய நாட்களில் லாம்பு தேவைப்படாது, நிலவு வெளிச்சத்தில் வெள்ளைக் கம்பமே தெரியும். எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்று அம்மா சொல்லுவார். எங்கள் வீடு கரைக்கு ஆகக் கிட்ட இருந்ததால் லாம்பு எங்கள் பொறுப்பு. ஐயா காலமான பிறகு அது என்னுடைய பொறுப்பாயிற்று. ஐயாவின் வள்ளம் அண்ணைக்குப் போனது.

அண்ணைக்கு அப்போது இருபத்துநாலு வயது, எனக்குப் பதினேழு. பின்னேரம் போய் வலை விட்டுவிட்டு எட்டு மணியளவில் வந்துவிடுவார். விடியப் போய் வலையை எடுப்பார். மாசி மாதம், வாடைக் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நேரம், பாருக்கு மேல் அலை இன்னும் கொஞ்சம் எழும்பிக்கொண்டுதான் இருந்தது. அன்று காலை அவர் என்னுடைய சைக்கிள் பூட்டுத் திறப்பை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இண்டையிலை இருந்து பின்னேர ரியூசன் இல்லை. சந்தியிலை உவன் ஏன் நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

சந்தியில் நின்றவனோடு நான் ஒரு சொல் கதைத்ததில்லை. அவனுடைய முகம்கூட இப்போது நினைவில் இல்லை. அதைச் சொன்னேன், அழுதேன், அம்மாவிடம் போனேன். அம்மா, "கொண்ணை சொன்னாச் சரி" என்று முடித்துவிட்டார். நான் மத்தியானம் சாப்பிடவில்லை. அண்ணை வலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது படலையடியில் நின்று, "சாப்பிடு" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

பொழுது கருகும் நேரம் அம்மா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "பிள்ளை, லாம்பு ரெண்டையும் கொண்டுபோய்க் கொழுவிப்போட்டு வா."

"ஓம், போறன்" என்றேன்.

போகவில்லை. மறந்துபோய் விட்டுவிடவும் இல்லை. இதை எழுதாமல் மற்றதெல்லாம் எழுதி ஒரு பிரயோசனமும் கிடையாது. கட்டிலில் கிடந்துகொண்டு, கொஞ்ச நேரம் தடவித் தடவி வரட்டும் என்று நினைத்தேன். சரியாக இந்தச் சொற்களைத்தான் நினைத்தேன். எட்டு மணிச் செய்திக்கு வானொலியில் இசை போனபோது என்ஜின் சத்தம் கேட்டது. கிட்ட வந்தது. ஒருக்கால் பெலத்து, உடனே நின்றுவிட்டது. வந்துவிட்டார் என்று நினைத்து, நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வழியால் போய்வரும் மற்ற இரண்டு வள்ளமும் அன்று கடலுக்குப் போகவில்லை. ஒழுங்கையில் ஒரு கலியாண வீடு, எல்லோரும் அங்கே நின்றார்கள். அரை மணி கழித்து அம்மா கூப்பிட்டுத்தான் நான் எழும்பினேன். கலியாண வீட்டிலிருந்து ஆட்கள் நல்ல வேட்டியோடு ஓடிவந்து கடலுக்குள் இறங்கினார்கள். வள்ளம் பாரில் கவிழ்ந்து கிடந்தது. அண்ணையை ஒன்பதரை மணியளவில் கல்லுக்கிடையில், முழங்கால் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். தலையில் அடி. கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது நிலவு இருந்தது. அண்ணையின் நனைந்த சேட்டில் நிலவு வெளிச்சம் விழுந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அதுதான்.

செத்தவீட்டில் பெரியப்பா முற்றத்தில் நின்று, எல்லோரும் கேட்கக் கேட்டார்: "லாம்பு ஏன் கொழுவேல்லை?"

பெரியப்பா ஐயாவுக்கு மூத்தவர், நாற்பது வருசம் கடலுக்குப் போனவர். என் வாயிலிருந்து, "நிலவு இருந்தது தானே" என்று வந்தது. யோசித்துச் சொன்னதல்ல. அண்ணையின் கால்மாட்டில் குப்புறக் கிடந்த அம்மா தலையைத் தூக்கி, முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார்.

"ஓம். நிலவு இருந்தது" என்றார்.

பெரியப்பா, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருவரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் சொன்னதை நான் நம்பியிருக்க மாட்டேன். அம்மா சொன்னதால் நம்பினேன். கரையில் நிலவைக் கண்ணாலும் கண்டிருந்தேன். நிலவு இருந்தது என்றால், லாம்பு இல்லாதது ஒரு குற்றமில்லை, கம்பம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், என்ஜின் பிழைத்திருக்கும், அலை தூக்கியிருக்கும், என்னுடைய கோபம் அவரைத் தொடவேயில்லை. நிலவு இல்லை என்றால் அண்ணையைக் கொன்றது நான்தான். இதற்கு இடையில் வேறொரு கதை இல்லை.

ஆகவே ஒரு நாள் இடைவேளையில் கணினி அறைக்குப் போய் யன்னலைச் சாத்திவிட்டு, திகதியைப் போட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. நேரம், இரவு எட்டு மணி. வட்டம் ஒன்று சுற்றி, சுற்றி, பிறகு வானம் வந்தது.

நட்சத்திரம் நிறைந்து கிடந்தது. நிலவு இருந்தால் இவ்வளவு நட்சத்திரம் தெரியாது என்று நாலாம் வாரத்தில் படித்திருந்தேன். கிழக்கைப் பார்த்தேன், இல்லை. உச்சியைப் பார்த்தேன். மேற்கு, தெற்கு, வடக்கு என்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். தேடும் பெட்டியில் சந்திரன் என்று அடித்தேன். தொடுவானத்துக்குக் கீழே என்று வந்தது. அந்தச் செயலியில் தரையை நீக்கிவிட்டுப் பார்க்கவும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். புல்வெளியும் மரமும் மறைந்தன. கிழக்கே, தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்த பெரிய நிலவு நின்றது.

நேரத்தைத் தள்ளினேன். நிலவு மெல்ல மெல்ல ஏறி, எட்டு நாற்பதுக்குப் புல்வெளிக்கு மேல் எட்டிப் பார்த்தது.

மனிதர்கள் இலேசில் கைவிடுவதில்லை, நானும் விடவில்லை. அந்தக் காலத்தில் நாட்டின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்ச வருசம் கழித்துத்தான் பழைய நேரத்துக்கு மாற்றினார்கள். இந்தச் செயலி இப்போதைய நேரத்தில் ஓடுகிறது. அந்த அரை மணிக்குள் என்னுடைய நிலவு இருக்கலாம் என்று கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் வானொலி எட்டு என்று சொன்னது இப்போதைய ஏழரை. நிலவு எழும்பியது அப்போதைய கடிகாரத்தில் ஒன்பது பத்து. அரை மணியும் எனக்கு எதிராகத்தான் விழுந்தது. இரண்டாம் தரம் போட்டேன், அதே விடைதான். பாரில் வள்ளம் ஏறியதற்கும் நிலவு எழும்பியதற்கும் இடையில் ஒரு மணியும் பத்து நிமிடமும் இருந்தன. அந்த நேரம் முழுக்க அண்ணை இருட்டுக்குள் தண்ணீரில் கிடந்திருக்கிறார். உயிரோடு கிடந்தாரா என்று எந்தச் செயலியும் சொல்லாது.

மணி அடித்தது. அடுத்த பாடம் பத்தாம் ஆண்டுக்குச் சமிபாட்டுத் தொகுதி. இரைப்பையைக் கீறினேன், குடலைக் கீறினேன், பெயர்களை எழுதிப்போட்டேன். ஒரு பிழையும் விடவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது இன்னொரு பிடிமானம் கிடைத்தது. அம்மாவும் என்னைப் போலக் குழம்பியிருக்கலாம். ஒன்பதரைக்குப் பார்த்த நிலவு அவருடைய மனதிலும் முன்னுக்கு ஏறி எட்டு மணிக்குப் போய் நின்றிருக்கலாம். செத்தவீட்டில் யாருக்குத்தான் நேரம் நினைவிருக்கும். இரண்டு நாள் இந்த எண்ணத்தோடு இருந்தேன். நான் குற்றவாளிதான், ஆனால் அம்மா வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஏதோ அதிலாவது ஒரு சுத்தம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒப்படையை வேறு திகதிக்கு மாற்றுவதற்காகச் செயலியைத் திறந்தேன். அந்தத் திகதி அப்படியே நின்றது. மூலையில் சின்னதாக ஒரு பெட்டி, நிலவின் வயதைக் காட்டுவது. பறுவம் முடிந்து நாலாம் நாள் நடந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் என்றால் சதுர்த்தி. தேய்பிறைச் சதுர்த்தி என்றால் சங்கடகர சதுர்த்தி.

அம்மா மாதம் தவறாமல் பிடித்த விரதம் அது. பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும்தான். இரவு நிலவு எழும்பியதைக் கண்ணால் கண்டு, பிள்ளையாரைக் கும்பிட்ட பிறகுதான் வாயில் எதையும் வைப்பார். விரத நாள் வந்தால் நிலவு பிந்தத் தொடங்கிவிட்டது, லாம்பு மறுபடி கொழுவவேண்டும். அம்மாவின் கணக்கு இவ்வளவுதான். அதனால்தான் அன்று எனக்குக் குரல் கொடுத்திருக்கிறார். நான் அந்த வீட்டில் பதினேழு வருசம் இருந்து, அம்மாவின் விரதத்தைத் தெரிந்து, லாம்பையும் தெரிந்து, இரண்டையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் குசினியைக் கழுவப் போனபோது, ஓலைப் பெட்டிக்குக் கீழே மூடி வைத்த ஒரு கோப்பை இருந்தது. ஐந்து மோதகம், ஒரு வாழைப்பழம். எல்லாவற்றிலும் எறும்பு. பிள்ளை செத்த துக்கத்தில் சாப்பிட மறந்துவிட்டார் என்று நினைத்து, எடுத்துக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன். அவர் மறக்கவில்லை. எட்டு மணிக்கு அம்மா சாப்பிடாமல் இருந்தது எட்டு மணிக்கு நிலவு இல்லாதபடியால்தான். அன்று மாலை இந்த ஊரிலேயே நிலவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்ற ஆள் அவர்தான். நிலவு இருந்தது என்று பிழையாக நினைப்பதற்கு அவருக்கு வழியே இல்லை.

பெரியப்பாவுக்கும் தெரியும். நாற்பது வருசம் கடலுக்குப் போன மனிதருக்கு நாலாம் நாள் நிலவு எப்போது வரும் என்று தெரியாமல் இருக்குமா? அவர் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனது ஏன் என்று இப்போது விளங்கியது. முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் தெரிந்துகொண்டே என்னைப் படிக்கவிட்டு, ரீச்சராக்கி, தெருவில் கண்டால் மரியாதையாகச் சிரித்து, தங்கள் பிள்ளைகளை என்னிடம் விஞ்ஞானம் படிக்க அனுப்பினார்கள். தெரியாமல் இருந்தவள் கரும்பலகையில் எட்டு வட்டம் கீறிய நான் ஒருத்திதான். அன்று எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு அம்மா அந்த விரதத்தைப் பிடிக்கவில்லை. பிள்ளையாரோடு கோபம் என்று சனம் கதைத்தது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா குசினி வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. கண் நல்லாகத் தெரியும், முழங்கால்தான் ஏலாது. நான் பையை வைத்துவிட்டு, உடுப்பும் மாற்றாமல் முன்னால் பலகையில் இருந்தேன்.

"அம்மா, அண்ணை போன அண்டைக்கு நீங்கள் விரதம் தானே?"

கை நிற்கவில்லை. "ஓம்."

"அப்ப எட்டு மணிக்கு நிலவு இல்லை."

"இல்லை" என்றார். கறிக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"பெரியப்பாட்டை இருந்தது எண்டு சொன்னியள்."

"சொன்னனான். நீ சொல்லிப்போட்டாய். பேந்து நான் என்ன செய்யிறது?"

இருபது வருசமாக ஒருவருக்கும் சொல்லாததை அப்போது சொன்னேன். "நான் மறக்கேல்லை அம்மா. அண்ணையிலை கோவத்திலை, வேணுமெண்டுதான் வைக்கேல்லை. தடவித் தடவி வரட்டும் எண்டு கிடந்தனான்."

இப்போது கை நின்றது. அம்மா என்னைத் திட்டுவார், அல்லது அழுவார், அல்லது எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். அவர் உரித்த வெங்காயத்தைச் சுளகில் போட்டுவிட்டு, "உனக்கு இப்ப ஆர் உதெல்லாம் சொன்னது?" என்று கேட்டார்.

போனை எடுத்தேன். செயலியை அதிலும் போட்டிருந்தேன். திகதியும் நேரமும் கொடுத்து, கிழக்கே திருப்பி, அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கறுப்பு வானம், நட்சத்திரம், கீழே அந்தப் பிறத்தியாருடைய புல்வெளி. அம்மா கையை நீட்டவில்லை.

"கை வெங்காயம். நீயே பிடி" என்றார். கழுத்தை முன்னுக்குக் கொண்டுவந்து பார்த்தார். "உது கிழக்கோ?"

"ஓம். அண்டைக்கு எட்டு மணிக்கு."

"கம்பம் எங்கை?"

"கம்பம் இதிலை வராது அம்மா. வானம் மட்டுந்தான்."

நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வெளிச்சம் குறைந்து அணையப் போனது, நான் தொட்டேன், மறுபடி வந்தது.

"நானும் அண்டைக்கு உதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். "ஏழரையிலை இருந்து முத்தத்திலை. காலமையிலை இருந்து ஒண்டும் தின்னேல்லை, பசி. எப்ப நிலவு வரும், எப்ப ஒரு மோதகத்தை வாயிலை வைப்பன் எண்டு கிழக்கையே பாத்தபடி. கம்பம் ரெண்டும் என்ரை இடக்கைப் பக்கம். முப்பது அடி இருக்காது."

சுளகை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"என்ஜின் சத்தமும் கேட்டது. ஒருக்காத் திரும்பியிருந்தா லாம்பு இல்லை எண்டு கண்டிருப்பன். நான் திரும்பேல்லை, பிள்ளை."